எலுமிச்சம்பழம் எங்கே?

எலுமிச்சம்பழம் டம்ளருக்குள்ளே கிடந்தால் இன். டம்ளரைக் கவிழ்த்து அதன் முதுகில் பழத்தை உட்காரவைத்தால் ஆன். கவிழ்த்த டம்ளருக்கு அடியில் பழம் ஒளிந்துகொண்டால் அண்டர். இன், ஆன், அண்டர். டவுன் பஸ்ஸின் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி பூமயில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். பஸ் குலுக்கிய குலுக்கலில் இன்னும் ஆனும் ஒன்றின் இடத்தில் ஒன்று போய் உட்கார்ந்துகொண்டன. பங்குனி வெயில் கம்பியைக் காய்ச்சி வைத்திருந்தது, நெற்றி சுட்டது, சுடட்டும் என்று இருந்தாள். காரைக்குடியில் ஒரு செல்போன் கடை மாடியில் ஜெசிந்தா டீச்சர் நடத்துகிற இங்கிலீஷ் வகுப்பில் மொத்த முதலீடே ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஒரு எலுமிச்சம்பழமும்தான். வாரம் முழுக்க அந்த ஒரே பழம் உள்ளே போகும், வெளியே வரும், பின்னால் ஒளியும், பக்கத்தில் நிற்கும். சனிக்கிழமை வந்தால் வதங்கிச் சுருங்கி, போதும் விடுங்கடா என்பதுபோலக் கிடக்கும். “வேர் ஈஸ் தி லெமன்?” என்று டீச்சர் கேட்க, கல்யாணமாகிப் பிள்ளைகுட்டி பெற்றதுகளெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கோரஸாகப் பதில் சொல்லும். பிள்ளைகுட்டி பெற்றதுகள். அந்தக் கணக்கில் தன்னையும் சேர்த்துக்கொள்ளலாமா கூடாதா என்று பூமயிலுக்கு எப்போதும் ஒரு இடறல். பெற்றவள்தானே. பெற்றதில் சந்தேகமில்லை. அது எங்கே என்று கேட்டால்தான் பதிலில்லை. சரி, இன், ஆன், அண்டர். அடுத்தது பிஹைன்ட்.

பிஹைன்ட் அவளுக்குப் படிக்காமலே தெரியும். அவள் புருஷன் சேவுகன் லண்டனில் ஒரு ஓட்டலில் சமையல்காரன். போன புதிதில் அவன் கற்றுக்கொண்ட முதல் இங்கிலீஷ் வார்த்தையே அதுதான். அடுப்படியில் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியோடு ஒருத்தன் முதுகுக்குப் பின்னால் போனால் “பிஹைன்ட்!” என்று கத்திக்கொண்டே போகவேண்டுமாம், கத்தாமல் போனால் அவன் திரும்புவான், சட்டி கவிழும், இருவருக்கும் தோல் உரியும். முதல் தடவை லீவில் வந்தபோது, அவள் அடுப்பில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் பழக்க தோஷத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் “பிஹைன்ட்!” என்று போட்ட சத்தத்தில் கரண்டி கையைவிட்டு எகிறிப் போய் விழுந்தது. அப்போது அவளுக்கு ஏழாவது மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் பானையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தான். உள்ளே கிடந்ததுகூட ஒரு உதை உதைத்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் காதில் விழுந்ததில்லை.

“கொஞ்சம் தள்ளி உக்காருத்தா” என்றது ஒரு குரல். ஊரை விட்டு வெளியே வந்து பஸ் நின்ற முதல் நிறுத்தத்தில் ஏறிய அம்மாள், மடியில் ஈரத்துணி போர்த்திய கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வாசம் முதலில் வந்தது. மல்லிகை. பூமயில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? கண்டக்டர் வந்து பெண்களுக்கு உண்டான காசில்லாத டிக்கெட்டை இருவருக்கும் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். டிக்கெட்டை வாங்கக் கையை நீட்டுகையில் மூச்சு தானாகத் திறந்துகொண்டு வாசம் நெஞ்சுக்குள் போய் இறங்கிவிட்டது. ஊரே தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிற பூ. அவளுக்கு மட்டும் அது வேறு இடத்தில் கட்டிய பூ. பிள்ளை போன மறுநாள், மார் கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் கொதித்தபோது, பால் வற்றுவதற்காக மல்லிகையை உருட்டி மார்மேல் வைத்து, பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்கள். இரவெல்லாம் உடம்புச் சூட்டில் பூ வெந்து வெந்து மணத்தது. பால் நனைந்த மல்லிகைக்கு ஒரு வாசம் உண்டு; பெற்று இழந்தவளுக்குத்தான் அது தெரியும். அதற்கப்புறம் அவள் மல்லிகை வைப்பதில்லை. கேட்பவர்களிடம் தலைவலி என்பாள். “தலைவலிக்காரி” என்று சொந்தக்காரர்களிடையே அவளுக்குப் பெயரே வந்துவிட்டது. வரட்டும், அதனால் என்ன குறைந்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை சென்னையில் பரீட்சை. ஒரு வெள்ளைக்காரரோ வெள்ளைக்காரியோ எதிரே உட்கார்ந்து உன் வீட்டைப் பற்றிச் சொல் என்பார்களாம். எது எங்கே இருக்கிறது, பக்கத்தில் என்ன, எதிரே என்ன. சொல்லித் தேறினால் விசா வரும். சேவுகனுக்கு அங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்துவிட்டது. இனி இவள் போகவேண்டியதுதான் பாக்கி. அதற்காக வீட்டிலுள்ள சாமானையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பழகச் சொல்லியிருந்தார் டீச்சர். போன வாரம் முழுக்க பூமயில் அந்தப் பாட்டைத்தான் பாடினாள். சிலிண்டர் அடுப்புக்கு அண்டர். கிரைண்டர் ஜன்னலுக்கு நியர். அரிசி டிரம்முக்கும் பீரோவுக்கும் பிட்வீன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் மாமியார். “என்னடி இது, காத்துக் கருப்பு எதுவும் அண்டிருச்சா? சிலிண்டர்ட்டப் போய்ப் பேசிக்கிட்டுத் திரியிற” என்று அயித்தை கேட்டாள். “படிக்கிறேன் அயித்த.” “படிக்கிற வயசுல படிக்காம.” சொல்லிவிட்டு அயித்தையே சிரித்தாள். அப்படியே சுவர் சுவராகச் சொல்லிக்கொண்டு வந்தவள், கூடத்தில் வந்து அண்ணாந்து பார்த்தபோது மாட்டிக்கொண்டாள். உத்திரத்தில் ஒரு இரும்புக் கொக்கி. தொட்டில் கட்ட அவளுடைய மாமனார் அடித்த கொக்கி. ஏழாம் மாதமே என்ன அவசரம் என்று ஊரில் கேட்டதற்கு, பேத்தி வருது, நான் இப்பவே அடிப்பேன் என்று ஏணி போட்டு ஏறி அடித்தார். பெண்தான் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. கொக்கி உத்திரத்துக்கு இன்னா, ஆனா? கொக்கிக்கு அண்டர் என்ன இருக்கிறது? அண்டர் தி ஹூக்... அதற்குமேல் வார்த்தை வரவில்லை. “என்னடி நிறுத்திட்ட?” என்றாள் அயித்தை. பிறகு அவளும் அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, முருங்கைக்காய் இருக்கா, வாங்கணுமா என்று எதையோ கேட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான். அந்தப் பேச்சு வரப்போகிறது என்றால் முருங்கைக்காய்க்குள் புகுந்துகொள்வார்கள்.

எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஒரே ஒரு தடவை தள்ளிக்கொண்டு போய்க் காட்டினார்கள். உள்ளங்கை அகலத்தில் முகம், விரிந்த மூக்கு, சேவுகனுடைய மூக்கு. காலில் ஒரு பட்டி, அதில் பூமயில் குழந்தை என்று எழுதியிருந்தது. பிள்ளைக்கென்று ஒரு பெயர் வைப்பதற்குள் அது இவள் பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு ராத்திரி இருந்தது. மூன்றாம் நாள் காலையில் யாரும் இவள் முகத்தைப் பார்க்கவில்லை; அப்போதே தெரிந்துவிட்டது. வீட்டுக்குக் கூட்டிவந்து உள்ளறையில் படுக்கவைத்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மாமனார் தோளில் துண்டு. சேவுகன் கையில் வெள்ளைத் துணி சுற்றியது. மாமனாரின் கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் மண்வெட்டித் தலை, கொஞ்சம் உப்பு, குழிமேல் ஊற்ற ஒரு பால் பாக்கெட். பால் பாக்கெட்! கடையில் வாங்கிய பால். இங்கே இரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து ஒட்டிக்கொண்டு கிடக்க, அங்கே பாக்கெட்டைக் கத்தரித்து ஊற்றப் போனார்கள். என்னிடம் கேட்டிருந்தால் ஒரு கிண்ணம் கொடுத்திருப்பேனே என்று அன்றைக்கு நினைத்ததை இன்றைக்கும் நினைத்தாள். பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். புதைத்த இடத்தைப் பெற்றவளுக்குக் காட்டுவதில்லை, அதுவும் வழக்கம். இடம் தெரிந்தால் பெற்றவள் மனசு அங்கேயே போய்க் குந்திக்கொள்ளும், அடுத்தது தங்காது என்று அயித்தை சொன்னாள். இடம் தெரியாமலும் அடுத்தது தங்கவில்லை. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பூமயில் தேடாமல் இல்லை. தீட்டுக் கழிந்து வெளியே போகத் தொடங்கியதும் சுள்ளி பொறுக்குகிற சாக்கில் கண்மாய்க்கரை நெடுகிலும் நடந்தாள். பச்சைப் பிள்ளைகளை அந்தக் கரைச் சரிவில்தான் எங்கேயாவது அடக்குவார்கள் என்று தெரியும். எந்த மேட்டைப் பார்த்தாலும் அதுவோ என்று இருக்கும். கறையான் புற்றைக்கூட விடவில்லை. ஆடு மேய்க்கிற கிழவரிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். அவரோ ஆட்டைப் பற்றியே பேசினார். அதற்கு அடுத்த வருஷம் நாலுவழிச் சாலைக்காரர்கள் மஞ்சள் வண்டிகளோடு வந்து கண்மாயின் ஒரு மூலையையே மண் போட்டு மூடினார்கள். மிச்சமிருந்த கரையில் இவள் மறுபடி நடந்தாள். பிறகு மாமனாரிடமாவது நேரடியாகக் கேட்டுவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோது அவரும் போய்ச்சேர்ந்துவிட்டார். இனி அந்த இடம் தெரிந்தவன் உலகத்திலேயே ஒருத்தன்தான். அவன் லண்டனில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருக்கிறான். போனில் கேட்டால், “அதெல்லாம் எதுக்கு மயிலு இப்ப” என்பான். வீடியோவில் கேட்டால் கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவான். கொஞ்ச நேரம் அந்தச் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அழுகிறானா, மூக்கைச் சிந்துகிறானா என்று காலண்டரா சொல்லும். ஒரு தடவை மட்டும் கோபமாக, “எனக்கு ஞாபகமில்ல” என்றான். பொய். ரசத்தில் எத்தனை மிளகு போட்டோம் என்று அடுத்த வருஷம் கேட்டாலும் சொல்கிறவன் அவன்.

பஸ் ஊர்ச் சாலையில் கண்மாயைச் சுற்றிக்கொண்டு போயிற்று. தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் ஒரு தகடு பளபளத்தது. கருவேல மரத்துக்குப் பின்னால் கொக்கு. பிஹைன்ட் தி ட்ரீ. கொக்குக்கு முன்னால்? இன் ஃபிரன்ட் ஆஃப், நீட்டமான வார்த்தை, எப்போதும் ஒரு துண்டு விழுங்கிவிடுகிறது. பஸ்ஸில் இருப்பதற்கு மட்டும் ஏன் ஆன் என்று இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை. காருக்குள் இருந்தால் இன்னாம். “பஸ்ஸுன்னா கூரை மேலயா டீச்சர் உக்காந்திருக்கோம்?” என்று கேட்டதற்கு, “கேள்வி கேக்காதீங்க பூமயில், அப்படியே மனசுல ஏத்திக்கங்க” என்றார் ஜெசிந்தா டீச்சர். காருக்குள் என்றதும் வாடகைக் கார் ஞாபகத்துக்கு வந்தது. மாமனார் காரியத்துக்கு சேவுகன் ஓடி வந்தபோது திருச்சி விமான நிலையத்துக்கு இவளே போய் அழைத்துவந்தாள். பைபாஸில் ஊர் நெருங்குகிற சமயத்தில், அண்ணே ஒரு நிமிசம் ஓரமா நிப்பாட்டுங்க என்றான். நல்ல ஷூ போட்டிருந்தவன் அதை அவிழ்த்துக் காருக்குள்ளேயே வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினான். உச்சி வெயில், தார் கொதித்தது. “செருப்பில்லாம எங்க போறீங்க, கண்ணாடிச் சில்லு கெடக்கும்!” என்று இவள் கத்தினாள். ரோட்டோரம் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒண்ணுக்கு வந்திருக்கும் என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிரைவர்கூட, வெளிநாட்டுக்காரருக்கு ரோட்டோரம் நிக்கக் கூச்சம் போலிருக்கு, ரொம்ப நேரமாகுது என்று சிரித்தார். திரும்பி வந்தவன் பாதத்தைத் துடைக்காமலே உட்கார்ந்தான். அப்பனைப் பறிகொடுத்தவனுக்குப் புத்தி ஒரு நிலையில் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். பாவம், கொப்புளம் போட்டுவிட்டது. வேப்பெண்ணெய் தடவிவிட்டாள்.

“ரெண்டு கண்ணி வச்சுக்கிறியாத்தா? சாமிக்கு எடுத்ததுல மிஞ்சுனது” என்று பூக்கார அம்மாள் துணியை விலக்கினாள். “வேணாம்த்தா. தலைவலி.” “பூவுக்குமா தலைவலி?” என்று அந்த அம்மாள் வியந்துவிட்டு, கிள்ளியதைக் கூடைக்குள்ளேயே போட்டாள். அந்த வியப்பு பூமயிலுக்கு உறைத்தது. அங்கே போனால் இந்தத் தலைவலிப் பொய்கூட வேண்டியிருக்காது. மல்லிகை இருக்காது. கண்மாய் இருக்காது. கரையில் நடக்க முடியாது. இங்கே இருக்கிறவரையில், தெரியாத இடம் என்றாலும், தெரியாத இடத்துக்குப் பக்கத்திலாவது இருக்கிறோம் என்று ஒரு சமாதானம் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் அதில் ஏதோ ஒரு பக்கம் பிள்ளை இருக்கிற பக்கம். கடலைத் தாண்டிவிட்டால் திசையே தவறிப்போகும். பயம் அதுதான். பரீட்சையில் தோற்றுவிடுவோமோ என்ற பயம் மேலுக்குத்தான், ஊருக்குச் சொல்ல. உள்ளுக்குள் இருந்தது தேறிவிடுவோமோ என்ற பயம். எங்கே என்று தெரியாமலே போய்விடுவோமோ, வீட்டுக்குள் தொலைத்ததைத் தேடாமல் கதவைப் பூட்டுகிற மாதிரி. வெள்ளைக்காரி கேட்பாள்: உன் வீட்டில் எது எங்கே இருக்கிறது? அம்மா, எல்லாம் சொல்வேன். சிலிண்டர் சொல்வேன், கிரைண்டர் சொல்வேன். ஒன்றை மட்டும் கேட்டுவிடாதே.

போன் அதிர்ந்தது. சேவுகன். லண்டனில் அப்போதுதான் காலை. ஓட்டலுக்குக் கிளம்புவதற்கு முன் இந்த நேரத்துக்குத் தினமும் கூப்பிடுவான். பழக்கத்துக்காக வேறு பாஷை கலக்காமல் யாரோடாவது பேசவேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்ததால், பஸ் போய்ச்சேருகிற வரைக்கும் தமிழே பேசக்கூடாது என்று இவள்தான் சட்டம் போட்டிருந்தாள். மீறினால் போனை வைத்துவிடுவாள். ஒரு தடவை வைத்தும் இருக்கிறாள். இயர்போனைக் காதில் சொருகினாள்.

“வேர் ஆர் யூ?” என்றான் அவன், பரீட்சைக்காரன் குரலில்.

“ஐ யாம் ஆன் தி பஸ்.”

“குட். ஹூ ஈஸ் நியர் யூ?”

“ஒன் ஃப்ளவர் அம்மா.”

அவன் சிரித்தான். பூக்கார அம்மாள் வாயைப் பிளந்து இவளையே பார்த்தாள். “இங்கிலீசாத்தா? பேசு பேசு, நான் ஒண்ணும் சொல்லல” என்று கூடையைச் சற்று அந்தப் பக்கம் நகர்த்தி மரியாதை செய்தாள். சேவுகன் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டு போனான். உன் கிச்சன் எங்கே? கிச்சனில் என்ன? ஃப்ரிட்ஜ் மேலே என்ன? அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். இவன் இங்கிலீஷில் பேசும்போது வேறு ஆள். தயங்குவதில்லை, முருங்கைக்காய்க்குள் ஓடுவதில்லை. எது கேட்டாலும் சட்டென்று பதில், ஓட்டலில் ஆர்டர் வருகிற மாதிரி. தமிழில் கேட்டால் அடைத்துக்கொள்கிற அதே தொண்டை. இங்கிலீஷ் அவனுக்கு நாக்கோடு நின்ற பாஷை, அதற்குக் கீழே இறங்கவில்லை. இந்த நினைப்பு வந்ததும் பூமயில் இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கேட்கலாமா? பஸ் பைபாஸ் மேட்டில் ஏறத் தொடங்கி, இன்ஜின் இரைந்தது.

“நவ் யூ ஆஸ்க் மீ” என்றான் அவன். நீ கேள், நான் சொல்கிறேன்.

எலுமிச்சம்பழம் எங்கே. டம்ளர் எங்கே. நாலு வார்த்தைதான். எல்லாம் முதல் வாரமே படித்த வார்த்தைகள்.

“வேர் ஈஸ் அவர் பேபி?”

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தாள். போகவில்லை. எங்கேயோ ஒரு குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, பிறகு நின்றது.

“மயிலு...” என்றான்.

“நோ தமிழ்.” சட்டம் போட்டவள் இவள்தானே. “வேர் ஈஸ் அவர் பேபி?”

அவன் மூச்சு விடுவது கேட்டது. அப்புறம், பரீட்சையில் படத்தைப் பார்த்துச் சொல்கிறவனைப்போல, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தான். “நியர் கண்மாய். ஒன் ட்ரீ. பிக் ட்ரீ. அண்டர் தி ட்ரீ. ஐ அண்ட் ஃபாதர்.” நிறுத்தினான். “நவ் நோ ட்ரீ.”

“ஒய்?”

“ரோடு கேம்.”

“விச் ரோடு?”

“பைபாஸ்.” அப்போதும் இங்கிலீஷை விடவில்லை, அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றுகொண்டிருந்தான். “யுவர் பஸ் ரோடு, மயிலு. பிரிட்ஜ் இருக்குல்ல... சாரி. பிஃபோர் தி பிரிட்ஜ். ஒன் கிரீன் போர்டு. நாட் பிஹைன்ட். நாட் நியர்.” மறுபடி குழாயைத் திறந்து மூடினான். “அண்டர் தி ரோடு.”

பஸ் மேட்டில் ஏறி முடித்துச் சமனாகி வேகமெடுத்தது. ஜன்னல் வழியே காற்று அறைந்தது. வெறுங்காலோடு கொதிக்கிற தாரில் முதுகைக் காட்டி நின்றவன். ஒண்ணுக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாளே, கடவுளே. மஞ்சள் வண்டிகள் வந்த அன்று, காய்ச்சல் என்று சுவர்ப் பக்கம் திரும்பிச் சோறு தண்ணியில்லாமல் அயித்தை படுத்துக் கிடந்தாளே. காய்ச்சலாவது மண்ணாவது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இவளுக்கு மட்டும் சொல்லக்கூடாது என்று ஆளுக்கொரு பக்கமாக நின்று மறைத்திருக்கிறார்கள். கோபம் வந்தது. வந்த கோபத்துக்கு நிற்க இடமில்லை, அடுத்த நொடியே கரைந்து கண்ணுக்குள் ஏறியது. இவள் தேடித் தேடி நடந்தது மிச்சமிருந்த கரையில். புற்றுப் புற்றாகப் பார்த்தது ஆள் இல்லாத இடத்தில். வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து போகவும் வரவும் இந்த பஸ்ஸில், இந்த ரோட்டில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழம் எங்கே என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு நாளும் அவள்மேலே ஏறி இறங்கிப் போயிருக்கிறாள். இவள் மட்டுமா, லாரி போகிறது, கல்யாண வேன் போகிறது. பச்சை மண் தாங்காது என்றுதானே மெதுவாக உப்பைத் தூவி, மெதுவாகப் பாலை ஊற்றி, மெதுவாக மூடியிருப்பார்கள். உள்ளங்கை அகல முகம்.

தூரத்தில் பச்சைப் பலகை தெரிந்தது. வெள்ளை எழுத்தில் ஊர்ப்பெயர்கள், தூரங்கள், அம்புக்குறிகள். எத்தனை தடவை பார்த்த பலகை. எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு நின்ற பலகை. அதற்கு அப்பால் பாலத்தின் கைப்பிடிச் சுவர். எழுந்து நிறுத்துங்கள் என்று கத்த வாயெடுத்தாள். பைபாஸில் எங்கே நிறுத்துவார்கள், என்ன சொல்லி நிறுத்துவது? யார் அங்கே என்று கண்டக்டர் கேட்டால் யார் என்று சொல்வது? பலகை பெரிதாகிக்கொண்டே வந்தது. காதில் சேவுகன் கேட்டான், இங்கிலீஷைப் பிடித்திருந்த பிடி நழுவ நழுவ:

“வேர் ஆர் யூ நவ்? மயிலு? வேர் ஆர் யூ?”

படித்த வார்த்தைகளெல்லாம் அவளுக்குத் தெரியும். எதுவும் வாயில் வரவில்லை.

“மேல இருக்கேங்க” என்றாள். “அவ மேல இருக்கேன்.”

சொல்லிக்கொண்டே குனிந்து செருப்பை உதறினாள். இரண்டு கால்களையும் பஸ் தரையிலிருந்து தூக்கி, சேலையோடு சேர்த்துச் சீட்டின்மேல் மடக்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பச்சை ஒரு வீச்சு வீசிவிட்டுப் போயிற்று. சக்கரங்கள் பாலத்தின் இணைப்பில் தடக்கென்று ஏறின. காதில் அவன் அழுதுகொண்டிருந்தான், சத்தமாக, தமிழில், சட்டத்தை மீறி. இவள் போனை வைக்கவில்லை.

“என்னத்தா, காலு மரத்துப்போச்சா?” என்று பூக்கார அம்மாள் தன் கூடையை இன்னும் ஒதுக்கி இடம் விட்டாள். “நல்லா மடக்கி உக்காரு. எறங்குற எடம் வர நேரமிருக்கு.”

பூமயில் தலையை ஆட்டினாள். காரைக்குடி பஸ் ஸ்டாண்டு வருகிறவரைக்கும் அவள் காலைக் கீழே இறக்கவில்லை.